குளிர்ந்த புகைவாயுவில் கேட்டலிஸ்ட்டைச் சோதிப்பது எப்படி: இரட்டை எரிபொருள் எஞ்சினுக்கான முழுமையான வழிகாட்டி

பெட்ரோலைக் காற்றோடு கலந்து உள்ளே அனுப்பி, டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சி, குறைந்த வெப்பநிலையில் எரிக்கும் முறையை ஆர்.சி.சி.ஐ. (Reactivity Controlled Compression Ignition) என்கிறோம். இதில் நைட்ரஜன் ஆக்சைடும் (நாக்ஸ்) கரிப்புகையும் வெகுவாகக் குறையும். ஆனால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் கூடிவிடும், புகைவாயுவின் சூடும் குறைந்துவிடும். புகைக்குழாயில் இருந்துகொண்டு இந்த வாயுக்களை எரித்துத் தீர்க்கும் கேட்டலிஸ்ட்டுக்கு (வினையூக்கிக்கு) வேலை அதிகம், அந்த வேலையைத் தொடங்கத் தேவையான சூடோ புகைவாயுவில் போதாது.

காலாப்பட்டிலோ, அண்ணாமலை நகரிலோ, கடலூர் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றிலோ ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை வைத்து இந்தச் சோதனையைத் தொடங்கப்போகும் எம்.டெக்., பிஎச்.டி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் லோடை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு லோடிலும் கேட்டலிஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் அளந்து ஒரு வரைபடம் போடுகிறார்கள். லோடு மாறும்போது வெப்பநிலை, வாயுக்களின் அளவு, ஓட்டம் மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன. எது எதனால் வந்தது என்று அந்த வரைபடத்திலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது. எஞ்சினை ஒரே நிலையில் நிறுத்தி, கேட்டலிஸ்ட்டின் சூட்டை மட்டும் மாற்ற வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. முதலில் சேகரிக்க வேண்டியவை

கேட்டலிஸ்ட்: டீசல் ஆக்சிஜனேற்ற வகை, பிளாட்டினம் அல்லது பிளாட்டினம்–பல்லேடியம் பூசியது. பைக் சைலன்சரிலிருந்து வெட்டியெடுத்த மூவழிக் கேட்டலிஸ்ட்டைப் பலர் கொண்டுவருகிறார்கள். காற்று மிகுந்த புகைவாயுவில் அது கார்பன் மோனாக்சைடை எரிக்கும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்காது. ‘நாக்ஸ் குறையவே இல்லையே’ என்று அப்புறம் குழம்ப வேண்டாம்.

பூச்சு இல்லாத வெற்றுக் கல் (கல் என்பது பூச்சைத் தாங்கும், தேன்கூடு போலத் துளைகள் உள்ள கட்டி): அதே அளவு, அதே துளை எண்ணிக்கை. இதைத் தேவையில்லாத செலவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். படி 8-இல் இது இல்லாமல் வெப்பக் கணக்கை நம்ப முடியாது.

எரிபொருள்: முழுத் தொடருக்கும் தேவையான பெட்ரோலையும் டீசலையும் ஒரே நாளில், ஒரே பங்க்கில் வாங்குங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20% வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் அளவு மாறினால் எரிதலும் மாறும், கேட்டலிஸ்ட்டுக்கு வந்து சேரும் வாயுக்களும் மாறும். எளிய சோதனை ஒன்று உண்டு. 100 மி.லி. அளவுக் குழாயில் 90 மி.லி. பெட்ரோலும் 10 மி.லி. தண்ணீரும் ஊற்றி, குலுக்கி, தெளியவிடுங்கள். எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிடும். அடி அடுக்கு 28 மி.லி. அளவுக்கு வந்தால் எத்தனால் சுமார் 20%.

ஆய்வக மூலையில் பல வருடமாக நிற்கும் டீசல் பேரலைத் தொடாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கும் பாரத் ஸ்டேஜ் 6 எரிபொருளில் கந்தகம் 10 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய சரக்கில் கந்தகம் அதிகம், அது பூச்சின் மேல் படிந்து வேலையைக் கெடுக்கும். பயோடீசல் கலப்பதாக இருந்தால் பாஸ்பரஸ், சோடியம், பொட்டாசியம் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இவையும் கேட்டலிஸ்ட்டுக்கு நஞ்சுதான்.

சுவரில் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. இது இல்லாமல் தொடங்கவே கூடாது. இந்த எஞ்சினின் புகை கண்ணுக்குக் குறைவாகத் தெரியலாம், நஞ்சு அதிகம்.

2. ஓட்டக் கணக்கை முதலில் போடுங்கள்

ஒரு மணி நேரத்தில் கேட்டலிஸ்ட்டின் கன அளவைப் போல எத்தனை மடங்கு வாயு கடக்கிறது என்பதுதான் ஸ்பேஸ் வெலாசிட்டி. இந்த எண் இல்லாமல் இரண்டு முடிவுகளை ஒப்பிட முடியாது. கல்லைப் பெரிதாக்கினாலே முடிவு நன்றாக வந்துவிடும்.

நம் ஆய்வகங்களில் பரவலாக உள்ள 661 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1500 ஆர்.பி.எம்.-இல் நிமிடத்துக்கு 750 முறை காற்றை இழுக்கிறது. 0.661 லிட்டர் × 750 = சுமார் 496 லிட்டர். நிரம்பும் திறனை (சிலிண்டர் உண்மையில் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்பதை) 85% என்று வைத்தால் 421 லிட்டர், அதாவது மணிக்கு 25.3 கன மீட்டர். இது 30 டிகிரி அறைக் காற்று. 0 டிகிரிக்கு மாற்ற 273/303-ஆல் பெருக்கினால் 22.8 கன மீட்டர். 10 செ.மீ. விட்டமும் 7.6 செ.மீ. நீளமும் உள்ள கல்லின் கன அளவு சுமார் 0.6 லிட்டர். வகுத்தால் மணிக்கு 38,000 வருகிறது.

நிரம்பும் திறனை நான் இங்கே ஊகமாக வைத்திருக்கிறேன். நீங்கள் காற்றுப் பெட்டியின் ஆரிஃபிஸ் (அளவுத் துளை) அளவீட்டிலிருந்து எடுங்கள். எந்த வெப்பநிலைக்கு மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். 0 டிகிரியா 25 டிகிரியா என்பதிலேயே 9% வித்தியாசம் வந்துவிடும்.

3. குழாய் அமைப்பு

எஞ்சினிலிருந்து வரும் குழாயை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று நேர் வழி, மற்றது தண்ணீரால் குளிரூட்டும் வழி. இரண்டிலும் பட்டர்ஃபிளை வால்வு. இரண்டும் கலந்தபின் அரை மீட்டராவது நேர்க்குழாய் விட்டு, அதற்கப்புறம் கேட்டலிஸ்ட். வால்வுகளைத் திருப்பினால் எஞ்சினைத் தொடாமலே கேட்டலிஸ்ட்டுக்குள் நுழையும் சூட்டை மாற்றலாம். இவை தவிர, கேட்டலிஸ்ட்டை முழுவதும் தவிர்த்துப் புகையை வெளியேற்றும் மூன்றாவது வழியும் (தவிர்ப்பு வழி) வேண்டும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இது தேவைப்படும்.

குழாய்க்கு 304 ஸ்டெயின்லெஸ் எடுங்கள். சாதா இரும்புக் குழாய் கடற்கரைக் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். அந்தத் துருப்பொடி கேட்டலிஸ்ட்டின் முகத்தில் போய் அடைக்கும், பின்னழுத்தம் ஏறும், காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறையில் கொடுத்தால் போதும். உள்பக்கம் வெல்டிங் கசடு நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கல்லை உறைக்குள் வைக்கும்போது சுற்றிலும் செராமிக் பாயை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாக இருந்தால் வாயு கல்லுக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: உள்நுழையும் சூடு 350 டிகிரி இருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு மாற்றம் (எரிந்து தீரும் பங்கு) 90% சுமாரில் அப்படியே நின்றுவிட்டால், முதலில் பாயைச் சந்தேகப்படுங்கள், பூச்சை அப்புறம் பார்க்கலாம்.

கே வகைத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) மூன்று வேண்டும். கல்லுக்கு 2 செ.மீ. முன்னால் ஒன்று, கல்லின் நடுவில் ஒரு துளைக்குள் மெல்லியதாக ஒன்று, பின்னால் ஒன்று. முன், பின் இரண்டும் குழாயின் மையத்தில் இருக்க வேண்டும், சுவரை ஒட்டி இருந்தால் குறைத்துக் காட்டும். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். தொடரைத் தொடங்கும் முன் மூன்றையும் ஒரே கொதிநீரில் வைத்து, ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மாதிரி எடுப்பதும் அனலைசரும்

அதிகம் பேர் விழும் இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

முன்பக்க மாதிரியை எஞ்சின் வாயிலில் எடுக்காதீர்கள். குளிரூட்டியைத் தாண்டி, கல்லுக்குச் சற்று முன் எடுங்கள். குளிரூட்டியின் சுவர்களில் ஹைட்ரோகார்பன் படியும், சூடேறும்போது திரும்பக் கிளம்பும். எஞ்சின் வாயிலில் அளந்தால், குளிரூட்டி பிடித்து வைத்ததையெல்லாம் கேட்டலிஸ்ட் எரித்ததாகக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

மாதிரிக் குழாய் டெஃப்லானில் இருக்கட்டும், 190 டிகிரியில் சூடாக இருக்கட்டும். சூடில்லாத பி.வி.சி. குழாயில் கனமான ஹைட்ரோகார்பன்கள் ஒட்டிக்கொள்ளும். சூடேற்றும் வசதி இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே நீளம், ஒரே வகைக் குழாய் வைத்து, அதை அறிக்கையில் எழுதுங்கள்.

கல்லூரிகளில் இருக்கும் ஐந்து வாயு அனலைசர் அகச்சிவப்பு ஒளியால் அளக்கிறது, ஹைட்ரோகார்பனை ஹெக்சேன் கணக்கில் காட்டுகிறது. இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒரு ஹெக்சேன் மூலக்கூறில் 6 கார்பன் அணுக்கள் இருப்பதால், ஹெக்சேன் பி.பி.எம்.-ஐக் கார்பன் கணக்குக்கு மாற்ற 6-ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவது, எரியாத எத்தனால், ஆல்டிஹைடு, பென்சீன் வகைகளை இந்தக் கருவி சரியாகப் பார்ப்பதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் இது பெரிய குறை. எஃப்.ஐ.டி. (சுடர் அயனியாக்க) அனலைசர் எங்காவது கிடைத்தால் சில புள்ளிகளையாவது அதில் சரிபாருங்கள். அதுவும் எத்தனாலைக் குறைத்தே காட்டும், ஃபார்மால்டிஹைடைக் கிட்டத்தட்ட காட்டவே காட்டாது. இருந்தாலும் மொத்த ஹைட்ரோகார்பனுக்கு அதுதான் நம்பகமானது. மூன்றாவது, அகச்சிவப்புக் கருவி நீராவியை நீக்கிவிட்டு அளக்கும், எஃப்.ஐ.டி. நீராவியோடு அளக்கும். இரண்டையும் ஒரே அடிப்படைக்கு மாற்றாமல் ஒரே அட்டவணையில் போடக் கூடாது.

நைட்ரஜன் ஆக்சைடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஐந்து வாயு அனலைசர்களில் இருப்பது நைட்ரிக் ஆக்சைடை மட்டும் பார்க்கும் மின்வேதிச் செல். சூடான கேட்டலிஸ்ட் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். கருவியில் எண் குறையும், ‘கேட்டலிஸ்ட் நாக்ஸைக் குறைத்தது’ என்று ஆய்வறிக்கையில் எழுதிவிடுவார்கள். மொத்தம் அப்படியேதான் இருக்கிறது, உருவம் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டையும் அளக்கும் கருவி இல்லாவிட்டால் நாக்ஸ் பற்றி முடிவு சொல்லாமல் விட்டுவிடுவதே நேர்மை.

கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஆய்வக அறைக் காற்றைப் பயன்படுத்தாதீர்கள். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருக்கும் அறையில் காற்றிலேயே ஹைட்ரோகார்பன் இருக்கும். வெளிக்காற்றை இழுங்கள், அல்லது நைட்ரஜன் சிலிண்டரைப் பயன்படுத்துங்கள்.

5. புதுக் கேட்டலிஸ்ட்டைப் பழக்குதல்

புதிதாக வந்த பூச்சு முதல் சில மணி நேரங்களில் வேகமாக மாறும், உலோகத் துகள்கள் கொஞ்சம் ஒன்றுசேரும். அந்த மாற்றத்தின் நடுவே அளந்தால் காலையில் எடுத்த எண்ணும் மாலையில் எடுத்த எண்ணும் பொருந்தாது. அதனால் எஞ்சினை டீசலில் மட்டும், அதிக லோடில் ஓட்டி, கல்லின் நடுச்சூடு 450–500 டிகிரியில் பல மணி நேரம் இருக்கும்படி செய்யுங்கள். பழகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, படி 7-இல் வரும் ஏறு ஓட்டத்தை இரண்டு முறை செய்து பாருங்கள். 50% மாற்றம் நிகழும் வெப்பநிலை இரண்டிலும் 5 டிகிரிக்குள் ஒத்துவந்தால் போதும்.

6. எஞ்சினை ஒரே நிலையில் பிடித்து வைத்தல்

எப்போதும் டீசலில் மட்டும் தொடங்குங்கள். குளிர்நீர் 80 டிகிரிக்கு வந்தபின் பெட்ரோலை மெதுவாக ஏற்றி, அதே அளவுக்கு டீசலைக் குறையுங்கள். அதுவரை புகைவாயு கேட்டலிஸ்ட்டுக்குள் போகக் கூடாது. நிறுத்தும்போது நேர் எதிர்: முதலில் பெட்ரோலை நிறுத்தி, சில நிமிடம் டீசலில் ஓட்டி, அப்புறம் எஞ்சினை அணையுங்கள். இந்த வரிசை மாறினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் தேங்கும். சூடான கேட்டலிஸ்ட்டில் அது பட்டால் கல் உருகுகிற அளவுக்குச் சூடேறலாம், குழாயில் வெடிக்கவும் செய்யலாம்.

உள்ளே போகும் காற்றின் சூடு இந்த எரிதலை மிகவும் பாதிக்கும். சிறிய காற்று ஹீட்டர் ஒன்று வைத்து 45 டிகிரியில் நிறுத்துங்கள். ஏன் 45? ஹீட்டரால் சூடாக்க மட்டும்தான் முடியும், குளிர்விக்க முடியாது. மே மாத மதியம் புதுச்சேரி ஆய்வகத்துக்குள் 40 டிகிரியை நெருங்கும். 35 என்று வைத்தால் மதியம் கட்டுப்பாடு கைவிட்டுப்போகும். ஈரப்பதத்தையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் எடுத்த எண்ணையும் சித்திரை வெயிலில் எடுத்த எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஈரக்காற்று எரிதலைத் தாமதப்படுத்தும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும்.

குளிரூட்டும் வழிக்கு மாற்றும்போது பின்னழுத்தமும் மாறும். அது மாறினால் சிலிண்டரில் தங்கும் பழைய வாயுவின் அளவு மாறும், எரியும் நேரமும் நகரும். கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் இன்னொரு வால்வு வைத்து எஞ்சின் வாயில் அழுத்தத்தை ஒரே அளவில் வையுங்கள். சிலிண்டர் அழுத்த சென்சார் இருந்தால் பாதி வெப்பம் வெளிப்படும் கிராங்க் கோணத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் முன்பக்கக் கார்பன் மோனாக்சைடு அளவே உங்கள் காவல்காரன். அது 5%-க்கு மேல் நகர்ந்தால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

7. ஏறு ஓட்டமும் இறங்கு ஓட்டமும்

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கேட்டலிஸ்ட்டை அரைமணி நேரம் 400 டிகிரிக்கு மேல் டீசல் புகையில் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். நேற்று ஒட்டிய ஹைட்ரோகார்பன் இன்றைய கணக்கில் வரக் கூடாது. அப்புறம் தவிர்ப்பு வழிக்கு மாற்றி, கல் குளிரட்டும்.

110 டிகிரி சுமாரில் தொடங்குங்கள். அதற்குக் கீழே போனால் கனமான ஹைட்ரோகார்பன்கள் கல்லிலேயே படியும். ஒவ்வொரு படியிலும் 10 டிகிரி ஏற்றுங்கள். பின்பக்கச் சூடு 5 நிமிடத்தில் 1 டிகிரிக்கு மேல் மாறாமல் நின்றபின்தான் அளவெடுக்க வேண்டும். ஒரே அனலைசர் இருந்தால் முன், பின், மறுபடி முன் என்ற வரிசையில் எடுங்கள். இரண்டு முன் அளவுகளும் ஒத்துவராவிட்டால் எஞ்சின் நகர்ந்துவிட்டது என்று பொருள்.

தொடக்கத்தில் ஒரு விசித்திரம் தெரியும். 110–130 டிகிரியிலேயே ஹைட்ரோகார்பன் 30% குறைந்ததாக வரலாம். கார்பன் மோனாக்சைடு அசைந்தே இருக்காது, பின்பக்கச் சூடும் ஏறியிருக்காது. பல டீசல் கேட்டலிஸ்ட்களில் ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) கலந்திருக்கும், அது ஹைட்ரோகார்பனைப் பிடித்து வைக்கிறது. எரியவில்லை, ஒளிந்திருக்கிறது. சூடு ஏறும்போது அது வெளியே வரும், பின்பக்க அளவு முன்பக்கத்தைவிட அதிகமாகிக் கணக்கில் கழித்தல் குறி வரும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அந்தப் புள்ளிகளை அழித்துவிடாதீர்கள். அவைதான் உண்மை நடப்பைக் காட்டுபவை.

அடுத்து, கார்பன் மோனாக்சைடு எரியத் தொடங்கும் வரை ஹைட்ரோகார்பனும் காத்திருக்கும். குளிர்ந்த பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு இறுக ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் இடம் விடாது. அது விலகியதும் இரண்டும் அடுத்தடுத்து எரிய ஆரம்பிக்கும். அதனால்தான் கார்பன் மோனாக்சைடு அதிகமுள்ள ஆர்.சி.சி.ஐ. புகையில், வழக்கமான டீசல் புகையில் எடுத்த வெப்பநிலையைவிட அதிகச் சூடு தேவைப்படுகிறது. கேட்டலிஸ்ட் விற்பவர் தரும் தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்பக் கூடாததற்குக் காரணமும் இதுவே.

உச்சத்தை அடைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதே வேகத்தில் இறங்குங்கள். இறங்கும்போது கேட்டலிஸ்ட் இன்னும் குறைந்த வெப்பநிலை வரை அணையாமல் வேலை செய்யும், ஏனென்றால் எரியும் வாயுவின் சூடே கல்லைச் சூடாக வைத்திருக்கிறது. ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி, வண்டி சிக்னலில் நிற்கும்போது கேட்டலிஸ்ட் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்லும். ஏறு ஓட்டத்தை மட்டும் செய்துவிட்டு முடிப்பவர்கள் பாதிச் செய்தியை விட்டுவிடுகிறார்கள்.

நடுச்சூடு 700 டிகிரியைத் தொட்டால் உடனே தவிர்ப்பு வழிக்கு மாற்றுங்கள். ஒருமுறை அதிகச் சூடு கண்ட பூச்சு பழைய நிலைக்குத் திரும்பாது.

8. வெப்பக் கணக்கால் சரிபார்த்தல்

மாற்ற விகிதம் எளிது: முன் அளவிலிருந்து பின் அளவைக் கழித்து, முன் அளவால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். இந்த எண் உண்மையா என்று பார்க்க வெப்பம் உதவும். 1000 பி.பி.எம். கார்பன் மோனாக்சைடு எரிந்தால் வாயு சுமார் 9 டிகிரி சூடேறும். கார்பன் கணக்கில் 1000 பி.பி.எம். ஹைட்ரோகார்பன் எரிந்தால் சுமார் 21 டிகிரி.

எடுத்துக்காட்டாக, கார்பன் மோனாக்சைடு 3000-இலிருந்து 600-க்கு இறங்கியது: 2400 எரிந்தது, சுமார் 22 டிகிரி. ஹைட்ரோகார்பன் ஹெக்சேன் கணக்கில் 600-இலிருந்து 300-க்கு இறங்கியது: கார்பன் கணக்கில் 1800, சுமார் 38 டிகிரி. மொத்தம் 60 டிகிரி ஏற வேண்டும். உங்கள் பின்பக்கத் தெர்மோகப்பிள் 20 டிகிரிதான் காட்டுகிறதா? உறையின் வழியாக எவ்வளவு சூடு போகிறது என்பதை வெற்றுக் கல்லை வைத்து அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். அந்த இழப்பைக் கூட்டிய பிறகும் பற்றாவிட்டால் ஹைட்ரோகார்பன் எரியவில்லை, எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது மாதிரிக் குழாயில் கசிவு இருக்கிறது. எதிர்பார்த்ததைவிட அதிகம் ஏறினால், அனலைசர் கண்ணில் படாத எத்தனால் போன்றவையும் எரிகின்றன என்று சந்தேகிக்கலாம்.

9. வேறு எரிபொருள், வேறு அளவீடு

பெட்ரோலுக்குப் பதில் சி.என்.ஜி. அல்லது சாண எரிவாயு வைத்தால், மீத்தேனுக்கு இந்தப் படிகளின் வெப்பநிலை போதாது. பல்லேடியத்திலும் அதற்கு 400 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், ஆர்.சி.சி.ஐ. புகை பெரும்பாலும் அங்கே போகாது. மீத்தேனைத் தனியாக அளக்காமல் மொத்த ஹைட்ரோகார்பன் எண்ணை மட்டும் வைத்து ‘கேட்டலிஸ்ட் மோசம்’ என்று எழுதாதீர்கள்.

ஸ்மோக் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் துகள் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். இந்த எரிதலில் வரும் துகளில் பெரும்பகுதி கரி இல்லை, குளிர்ந்து திரளும் எண்ணெய்த்தன்மையான கரிமப்பொருள். ஸ்மோக் மீட்டருக்கு அது சரியாகத் தெரியாது. ஃபில்டர் தாளில் பிடித்து எடைபோட்டால் தெரியும்.

10. ஓட்டம் முடிந்த பின்

தொடரின் முதல் ஓட்டத்தைக் கடைசியில் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். 50% வெப்பநிலை நகர்ந்திருந்தால் நடுவில் கேட்டலிஸ்ட் மாறிவிட்டது, அதையும் சேர்த்தே முடிவுகளைப் படிக்க வேண்டும். எஞ்சின் ஆயிலின் மட்டத்தைக் குறித்துவைத்திருந்தால் இங்கே கைகொடுக்கும். ஆயில் குறைந்திருந்தால், அதிலிருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் கல்லின் முன்முகத்தில் படிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அறிக்கையில் 50% வெப்பநிலையோடு ஸ்பேஸ் வெலாசிட்டி, முன்பக்கக் கார்பன் மோனாக்சைடு அளவு, ஏறு ஓட்டமா இறங்கு ஓட்டமா, ஹைட்ரோகார்பன் எந்தக் கருவியில் அளந்தது ஆகியவற்றையும் எழுதுங்கள். கல்லைக் கழற்றினால் ஆறியபின் இரு முகங்களையும் அலுமினியத் தாளால் மூடி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எந்த முகம் முன்பக்கம் என்று உறையில் அம்புக்குறி கீறிவிடுங்கள். திருப்பிப் பொருத்தினால் அடுத்த தொடரை இதோடு ஒப்பிட முடியாது.